லாரிச் சாவி என் இடுப்பில்

3-7-81, வெள்ளி

காற்றே இல்லை. வாங்க வேண்டியது: சோப்பு, துவரம்பருப்பு, அவருக்குப் பனியன் இரண்டு.

போன மாதம் என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் லாரியைப் புளியமரத்தில் மோதினதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். கிளம்புமுன் நான் பார்த்துச் சரி என்றால்தான் சாவி. தூக்கம் வருகிறது என்று அவர் வாயால் வராது. நானே கண்டுபிடித்த அடையாளங்கள்: தோளில் துண்டு கிடக்கத் துண்டைத் தேடுவது. ரசத்தில் உப்பில்லாததே தெரியாமல் சாப்பிடுவது.

நேற்றுக் கோயம்புத்தூர் கிளம்பும்போது கேலி. "ஒனக்கு ஆர்.டி.ஓ. வேலை குடுத்திருக்கணும்." கொடுத்தால் செய்வேன்.

4-7-81, சனி

காலையில் திரும்பியவர் நேரே திருநள்ளாறு மில்லுக்கு. மெட்ராஸுக்குத் தவிட்டு லோடு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வாராவாரம் நமக்கே என்று மில்காரர் சொல்லியிருக்கிறார்.

ஒரு மணிக்கு வாசலில் லாரி. தலையெல்லாம் சீயக்காய் வாசனை.

"மூட்டை ஏத்துற நேரத்துல நளன் குளத்துல எண்ணெய் தேச்சு முழுக்குப் போட்டேன். மரத்துல மோதுனதுக்குப் பரிகாரம். இனிமே ஒண்ணும் வராது."

இரண்டு ராத்திரி கண்விழிப்பு, எண்ணெய்க் குளியல், அதன்மேல் சாப்பாடு. நல்ல பரிகாரம்.

உப்பில்லாத ரசம் ஊற்றினேன். கண்டுபிடித்துவிட்டார். துண்டையும் தேடவில்லை. கள்ளன், பரீட்சைக்குப் படித்து வைத்திருக்கிறார்.

"எங்கம்மா வந்து ரெண்டு மாசம் இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டுமே."

அம்மா பேரெடுத்தாலே மல்லுக்கு நிற்கிற மனுஷன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"லோடு போயிடும்டி."

"போவட்டும். நீங்க இருங்க."

கோபமாகப் பாயில் சாய்ந்தவர், இரண்டாவது நிமிஷம் குறட்டை.

தபாலாபீசுக்குப் போய் மில்காரருக்குப் போன். "டிரைவர் தூங்குறாருங்க. நாளைக்குத்தான் கெளம்புவாரு." டொக்கென்று வைத்துவிட்டார். வழியெல்லாம் அழுகை. வீட்டுக்கு வந்து குறட்டையைக் கேட்டதும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

5-7-81, ஞாயிறு

விடியற்காலை எழுந்ததும் முதல் பேச்சு: "ஒங்கம்மா எதுக்கு ரெண்டு மாசம்?"

சாவியைக் கொடுத்தேன்.

7-7-81, செவ்வாய்

தூறல். கொடியில் துணி. எடுக்க ஓடும்போது வாசலில் மில்காரர் கார். இனி லோடு இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"சரக்கு ஒரு நாள் லேட்டும்மா."

"ஆமாங்க."

"சனிக்கிழமை லோடு இருக்கு. நீங்க பாத்துட்டே அனுப்புங்க." கார் டிரைவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இவனையும் கொஞ்சம் பாருங்க. எம் பேத்திங்களப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறவன் இவன்தான்."

அவன் கொட்டாவியை வாய்க்குள்ளேயே அடக்கப் பார்த்தான்.

கார்ச் சாவிக்குக் கையை நீட்டினேன்.