ராஜாமணி விழுந்த விதம்

மொரப்பூர்
9.3.2025, ஞாயிறு

அன்பு மகள் யுவராணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த முறை அதை எழுதக் கை கூசுகிறது. உன் உடம்பைப் பற்றி மறுபடி கேட்டதிலிருந்து, பத்து நாளாக நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் இதை உன் அறைத்தோழி டாக்டர் கவிப்பிரியாவின் பெயருக்குத் தபாலில் அனுப்புகிறேன். உன் கையில் கொடுப்பதாக அந்தப் பெண் ஒப்புக்கொண்டிருக்கிறது.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தவக்காலம் என்று வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை முழுக்க முட்டிபோட்டாள், சொன்னால் கேட்பதில்லை. தம்பி ஆரோக்கியராஜ் ஓசூரிலிருந்து லீவு போட்டு வந்தான். போன மாதம் நீ சொன்னபடி மூன்று பேரும் தர்மபுரிக்குப் போய் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிட்டோம். தம்பிக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. என்னுடையதைப் பின்னால் எழுதுகிறேன். தயவுசெய்து தாளைத் திருப்பிப் பார்க்காமல் வரிசையாகப் படி.

விண்வெளிப் பயிற்சியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, விண்வெளியில் எப்படி ஆபரேஷன் செய்வீர்கள் என்று அம்மா கேட்டாள். அங்கே ரத்தம் கீழே வழியாது, உருண்டை உருண்டையாக மிதக்கும், அதனால் காயத்தின்மேல் ஒரு கண்ணாடிக் கூடு வைத்து அதற்குள் கையை விட்டுத்தான் தைக்க வேண்டும் என்றாய். பாலித்தீன் பைக்குள் இரண்டு கையையும் விட்டு வெங்காயம் உரித்துக் காட்டினாய். அம்மாவும் முயற்சி செய்து பார்த்து, "எனக்கு வெளிய வெச்சு உரிச்சாலே கண்ணு எரியுது" என்று சிரித்தாள். ஆறு மாதம் மேலே இருக்கிறவர்களில் ஒருவருக்குக் குடல்வால் வெடித்தால் யார் பார்ப்பது, ஒரு சர்ஜன் கூடவே போய்த்தான் ஆக வேண்டும் என்றாய். அந்த ஒருவர் நீதான் என்று எனக்குத் தோன்றியது. உன் முகமும் அப்படித்தான் இருந்தது.

ஜனவரிக் கடைசியில் கவிப்பிரியா எனக்குப் போன் செய்தது. அதன்மேல் கோபப்படாதே. பயிற்சியில் உன்னைச் சுழலும் யந்திரத்தில் உட்காரவைத்துச் சுற்றியபோது துடிப்பு தாறுமாறாக ஓடியதையும், ஸ்கேனில் இதயத்தின் நடுச்சுவர் தடித்துத் தெரிந்ததையும் சொன்னது. நெஞ்சில் காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைத்துவிட்டால் துடிப்பு தப்பும்போது அதுவே அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும், பெரிய டாக்டர்கள் சொல்லியும் நீ தள்ளிப்போடுகிறாய் என்றது. "வெச்சுக்கிட்டா விண்வெளிக்குப் போறவங்க பட்டியல்ல அவ பேரு என்னிக்குமே வராது அங்கிள்" என்று சொல்லி அழுதுவிட்டது.

அதற்காகத்தான் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு ரயிலேறி வந்தேன். நீ கேன்டீனுக்கு அழைத்துப் போனாய். அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசினாய், தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேசினாய். கிளம்பும்போது நீயாகவே சொன்னாய்: "ஓவரா எக்சர்சைஸ் பண்ணாலும் இப்படித் தடிக்கும்ப்பா. மூணு மாசம் சும்மா இருந்தா சுருங்கிடும். பரம்பரையா இருந்தாத்தான் சிக்கல். நம்ம வூட்ல யாருக்கும் இல்லையே?" இதைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய்.

"இல்லம்மா" என்றேன்.

அது பொய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விண்வெளிக்கு ஆள் தேர்வு செய்யும் படிவத்தை நிரப்பும்போதும் நீ போனில் கேட்டாய், சித்தப்பா எப்படி இறந்தார் என்று. மரத்திலிருந்து விழுந்து என்றேன். விபத்து என்று எழுதிக்கொண்டாய். அதுவும் பொய்தான்.

உன் சித்தப்பா ராஜாமணி செத்தபோது உனக்கு நாலு வயது. அவனுக்கு இருபத்தொன்பது. எனக்கு அன்று ரயில்வே கேட்டில் டூட்டி இல்லை. அவன் புளி உலுக்க மேலே ஏறினான், நான் கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது யாரும் பக்கத்தில் இல்லை. உலுக்குவது நின்றுபோனதால் அண்ணாந்து பார்த்தேன். ஒரு கையால் கிளையைப் பிடித்தபடி இன்னொரு கையை நெஞ்சில் வைத்திருந்தான். "அண்ணா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அப்புறம் பிடித்திருந்த கை தானாகவே விட்டுப்போனது. அவன் வழுக்கவில்லை கண்ணு. கீழே வருவதற்கு முன்னாலேயே போய்விட்டான்.

ஓடி வந்தவர்கள், கால் வழுக்கிடுச்சா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்போது உன் அத்தைக்கு நிச்சயமாகியிருந்தது. இருபத்தொன்பது வயதுக்காரன் நெஞ்சு நின்று செத்தான் என்றால், இந்த வீட்டில் பெண்ணெடுப்பார்களா என்று பயந்தேன். கல்யாணம் முடிந்தது. அதற்கப்புறமும் சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மாவுக்கே தெரியாது. போன புதன்கிழமைதான் சொன்னேன்.

அன்றைக்குத்தான் என் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, நடுச்சுவர் தடித்த இடத்தைப் பேனாவால் அழுத்திக் காட்டினார். பரம்பரையாக வருவது என்றார். "உங்களுக்கு மாத்திரையே போதுங்க, பயப்படாதீங்க" என்றார். என் மகளுக்கும் இதேதான், முப்பத்தொரு வயது, என் தம்பி ஒருவன் இப்படிச் செத்திருக்கிறான் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவங்கள இனி காத்திருக்க விடாதீங்க" என்றார்.

கொடுத்த எனக்கு மாத்திரை. வாங்கிக்கொண்ட உனக்கு நெஞ்சைக் கீறிக் கருவி. பஸ்ஸில் வரும்போது ராஜாமணி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், மொரப்பூர் வரும்வரை என்னைப் பார்க்கவில்லை. இப்போதும் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

என் ரிப்போர்ட்டின் நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. இதைப் பார்த்தால் மூன்று மாதம் காத்திருக்க உனக்குக் காரணம் இருக்காது. உன் கதவை நானே சாத்துகிறேன் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன். அனுப்பாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அனுப்பிவிட்டுச் செய்வதற்கும் எனக்கு வேறெதுவும் இல்லை. நீ சர்ஜன். நெஞ்சுக் கோளாறு இருந்தவர்களை நீயே பரிசோதித்து, இவர் விண்வெளிக்குப் போகக்கூடாது என்று எழுதித் திருப்பியிருக்கிறாய். உனக்கு நான் எதைச் சொல்லி விளக்குவது? அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னை முதலிலேயே வேண்டாம் என்றிருப்பார்கள். இவ்வளவு தூரம் வந்து திரும்ப வேண்டியிருக்காது. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் என் வாயில்தான் வந்து நிற்கிறது.

கீழே இருந்தே மேலே போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளவும் டாக்டர்கள் வேண்டும், அந்த வேலை உனக்கு எப்போதும் உண்டு என்று கவிப்பிரியா சொன்னது. அது ஆறுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அதைச் சொல்லி உன்னைத் தேற்றப் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கருவி வைக்கச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் கேட்கும் தாளில் கையெழுத்துப் போடு. இந்த வாரமே போடு. எனக்குப் போன் செய்ய வேண்டாம். கவிப்பிரியாவிடம் சொன்னால் போதும், அது எங்களுக்குச் சொல்லிவிடும். வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் வராதே. என்னிடம் பேசாதே. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்மேல் கோபமாக இரு.

அத்தனை வருஷமும் நீ இருக்க வேண்டும் கண்ணு. ஆண்டவர் உன் நெஞ்சின்மேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
சவுரியப்பன்