புறா கடித்த கை

ஏப்ரல் 6

இன்றைக்கும் மகள் சீருடையை மாட்டிக்கொண்டு வாசல் கதவைப் பிடித்தபடி நின்றாள். பள்ளி வேன் வராது என்று எத்தனை விதமாகத்தான் சொல்வது? பதினான்கு வயசு, வாயில் வார்த்தை இல்லை. தொண்டைக்குள் ஒரு குனுகல் மட்டும். அதனால்தான் வீட்டில் அவளுக்குப் புறா என்று பெயர். ஊரடங்கு பெரியவர்களுக்கே விளங்கவில்லை, அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது.

வேன் வரும் நேரம் தாண்டியதும் தொடங்கினாள். டம்ளர், தட்டு, ரிமோட் எல்லாம் சுவரில். கடைசியில் என் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள்.

மனைவி நர்ஸ். தொற்று வார்டில் வேலை. வீட்டுக்கு வந்தால் எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியிலேயே அறை கொடுத்துவிட்டார்கள். நான் டிப்போ மெக்கானிக். பஸ் ஓடவில்லை, நானும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் புறாவுக்கு ஒரு நாள்கூட நான் தலை வாரிவிட்டதில்லை.

ஏப்ரல் 9

அவளுடைய டீச்சர் வீடியோவில் வந்தார். முகத்தைப் பார்த்ததும் புறா சிரித்தாள். கையை உயர்த்தச் சொன்னார், உயர்த்தினாள். பேசி முடித்துத் திரை கறுப்பானதும் போனைத் தரையில் அடித்தாள். பழக்கம் கலைந்ததால்தான் இந்தக் கோபம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள் சார் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வரைந்து ஒட்டினேன். கிழித்தாள்.

ஏப்ரல் 14

வாயில் வைப்பதையெல்லாம் துப்புகிறாள். தூக்கமும் இல்லை. தன் முகத்தில் தானே குத்திக்கொள்கிறாள். கையைப் பிடித்தால் எனக்கு உதை.

ஏப்ரல் 17

மாடிக்காரர் இறங்கி வந்து கதவைத் தடியால் தட்டினார். திறந்தேன். "பைத்தியத்தை வீட்டுல வச்சுக்கிட்டு எங்க உயிரை வாங்குறீங்க. கட்டிப் போடுய்யா" என்றார்.

என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தி, மூக்கில் ஒரு குத்து. அவர் மூக்குக்கண்ணாடி உடைந்து விழுந்தது. படியெல்லாம் ரத்தம். உள்ளே புறா கதவில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். தொம், தொம். வெளியே நான் அடிக்கிறேன், உள்ளே அவள். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டது?

ஏப்ரல் 20

எழுதவே கை வரவில்லை. நிஜமாகவே கை வரவில்லை, கட்டுப் போட்டிருக்கிறேன்.

காலையிலிருந்து முகத்தில் குத்திக்கொண்டே இருந்தாள். பின்னாலிருந்து பிடித்தேன். என் முன்கையைக் கவ்வினாள். விடவில்லை. சதையோடு போகப்போகிறது என்று தோன்றியது. அறைந்துவிட்டேன். என் மகளை — ஓங்கி, கன்னத்தில். விட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு முன்பைவிட வேகமாகத் தன்னைக் குத்திக்கொண்டாள்.

துண்டை எடுத்து அவள் கைகளைக் கட்டில் காலோடு கட்டினேன். மாடிக்காரர் சொன்னதைத்தானே செய்தேன்? அவரை எதுக்கு அடிச்சேன் அப்போ? ச்சே. நானெல்லாம் ஒரு மனுஷனா.

கொஞ்ச நேரத்தில் அவிழ்த்துவிட்டேன். மணிக்கட்டில் சிவப்பாகத் தடம்.

ஏப்ரல் 21

மனைவியிடம் மறைக்க நினைத்தேன். வீடியோவில் கட்டைப் பார்த்துவிட்டாள். அவிழ்த்துக் காட்டச் சொன்னாள். அறைந்ததையும் கட்டியதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சத்துல காட்டுங்க... பல்லு ஒரு பக்கம்தானே ஆழமா பதிஞ்சிருக்கு. இன்னொரு பக்கம் ஏன் கடிக்கல?"

எனக்கு விளங்கவில்லை.

"எந்தக் கன்னத்துல குத்திக்கிறா?"

"இடது."

"வாயைப் பாருங்க. இப்பவே."

புறா மதியம் அசந்திருந்தாள். மெதுவாக உதட்டை விலக்கினேன். இடது கடைவாயில் ஈறு நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கியிருக்கிறது. நாற்றம். நான் அறைந்ததும் அந்தக் கன்னத்தில்தான்.

ஏப்ரல் 22

பல் மருத்துவமனை எல்லாம் பூட்டு. ஒருவர் மாத்திரை பெயர் சொன்னார். இன்னொருவர், அந்த மாதிரிப் பெண்ணை உட்கார வைக்க எங்களிடம் ஆள் இல்லை என்று போனை வைத்துவிட்டார். டீச்சர்தான் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு டாக்டரம்மாவைச் சம்மதிக்க வைத்தார். நாளைக் காலை.

ஏப்ரல் 23

டாக்டர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில் இருந்தார். முகமே இல்லை. புறா அலறினாள். தட்டிலிருந்த கருவிகளை உதைத்துத் தள்ளினாள். மயக்க மருந்து கொடுக்கிறவர்கள் எல்லோரும் தொற்று வார்டில். மரத்துப்போக ஊசி மட்டும்தான்.

நாற்காலியில் நான் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன். என் கால்களால் அவள் கால்களைப் பின்னி, மார்போடு இறுக்கினேன். பின்மண்டையால் என் வாயில் இடித்தாள். உதடு கிழிந்தது.

"இடிக்கட்டும். நீங்க மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

விடவில்லை. சீழ் வழிந்தது. பல் வந்தபோது என் நெஞ்சோடு சேர்ந்து அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. வேர் அழுகியிருந்தது. இந்த வலியோடு எப்படி இருந்தாளோ என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஏப்ரல் 25

தூங்கினாள். குழைந்த சோறு, இரண்டு கிண்ணம்.

ஒரு பஸ் தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். டிப்போவில் அதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் ஒரு பிள்ளை முகத்தைக் குத்திக் குத்திக் காட்டுகிறது, எனக்குக் காது கேட்கவில்லை. ஊரடங்கு, பழக்கம், பிடிவாதம் — கைக்குக் கிடைத்த காரணத்தையெல்லாம் அவள் மேல் போட்டேன்.

மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து, போய்யா என்று குரல் மட்டும் வந்தது. நியாயம்தான்.

மே 4

இன்று அடித்தாள். குழாயை மூடியதற்காகத் தோளில் ஒன்று. இது வேறு அடி. இதற்கு அர்த்தம் தெரியும் — திற.

திறந்தேன்.

மே 19

மனைவி வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருக்கிறாள். மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய தழும்பு. வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டாள். புறா ஓடவில்லை, அடிக்கவும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் போய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மறந்துட்டாளா?"

"மறக்கல, கோபம். கையை நீட்டாத. கீழ உட்காரு, அவளே வருவா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வருஷக்கணக்காக இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

நானும் உட்கார்ந்தேன். சட்டையில் பிடி தளரவில்லை. யாரும் அவசரப்படவில்லை.