மூன்றாவது வரி

மனைவி பாப்பாயிக்கு, பெங்களூரில் நான் சௌகரியம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போர்வெல் ரிக் வண்டிகளுக்குக் காவல் இருந்தபோது லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதே, கை கால் நன்றாக இருக்கிறது. எழுத வருகிறது, அன்று முதல் படிக்கத்தான் வரவில்லை. மூளையில் ரத்தம் அடைத்தால் இப்படியும் ஆகுமாம். இந்தக் கடிதத்தையே என்னால் திரும்பப் படிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ராசிபுரத்து டாக்டரம்மா ஒருத்தர் சீட்டுகளில் வார்த்தை எழுதிக் காட்டினார். ஒன்றும் புரியவில்லை.

"இதுல இருக்கறது மிருகமா, பாத்திரமாங்க? சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லுங்க."

சொன்னேன். பத்தில் ஒன்பது சரியாம்.

"உங்களுக்குத் தெரியாமயே மனசு படிக்குதுங்க."

"படிச்சத எனக்குச் சொல்லாத மனசு எதுக்குங்க?" என்றேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் போகாமல், லாரிகளின் முதுகைப் பார்த்து நானாகக் கற்ற எழுத்து. படித்துக்காட்டச் சொல்லி எவனிடமும் நீட்ட மாட்டேன். ஆனால் மூன்றாவது வரிக்குக் கண் போகும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. உனக்குக் காது கேட்டால் போனில் கேட்டிருப்பேன்.

பதிலில் எழுத்து வேண்டாம், படம் போடு. செவலை மாடு செத்திருந்தால் ஒரு கொம்பு. வாயில் வெற்றிலை ஓயாத என் அக்கா என்றால் ஒரு வெற்றிலை. காட்டைப் பங்கு பிரித்த தகராறில், அவள் செத்தாலும் எனக்குச் சொல்லாதீர்கள் என்றவன் நான்தான்.

பெட்டியிலிருந்து தபால் எடுப்பதற்குள் போக வேண்டும். கொம்பாகவே இருக்கட்டும், பாப்பாயி.

தங்கசாமி