நாலு எலுமிச்சம்பழம்

அமெரிக்கா, டிசம்பர் 1968

நைனாவுக்கும் அம்மாவுக்கும் துளசிராமன் தூரத்திலிருந்தே காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதறது. நைனாவோட முட்டிவலி எப்படி இருக்குது? நான் இங்கே சௌக்கியம்.

நான் கார் வாங்கிட்டேன்! பழசுதான். நம்ம கடம்பத்தூர்ல ஒரு ஊட்டு வாசல்ல கார் நின்னா கல்யாணம், இல்லாட்டி ஆஸ்பத்திரி. இங்கே பால் வாங்கவே நான் ஒண்டியா கார்ல போறேன் நைனா. ரோடு ஏரி மாதிரி அகலம். ஆனா ஒருத்தரும் ஹாரன் அடிக்கறதில்லை.

மொத நாள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, பானட் மேல கற்பூரம் ஏத்தினேன். நான் வாடகைக்கு இருக்கற ஊட்டுக்காரம்மா நெருப்புன்னு பயந்து, பக்கெட்டைத் தூக்கிக்கினு ஓடியாந்து தண்ணியை ஊத்திட்டாங்க. பாதி என் மேல! எதுக்கு இதெல்லாம்னு கேட்டாங்க. வண்டியில போறவங்க பத்திரமா திரும்பி வரணும்னுதான்னேன். காலி பக்கெட்டை எடுத்துக்கினு உள்ளே போயிட்டாங்க.

மறுநாள் அவங்களே நாலு எலுமிச்சம்பழத்தோட வந்து கதவைத் தட்டினாங்க. அவங்க மகன் ராபர்ட் வியட்நாம் சண்டைக்குப் போயிருக்கான். அவன் கார் ஷெட்டுலயே நிக்குது. அதுக்கும் வெக்கணுமாம். இவ்வளவு பெரிய தேசத்துலயும் இதே பயம்தான் நைனா! பழத்தை வெச்சேன். பாட்டரி செத்திருந்தது. நாங்க ரெண்டு பேருமா தள்ளித்தான் பழத்தை நசுக்கினோம்.

அம்மா, கற்பூரமும் பெரியபாளையத்து குங்குமமும் அனுப்புங்க. கிளாஸுக்கு நேரமாச்சு. கோயில்ல என் பேருக்கு அர்ச்சனை பண்ணும்போது ராபர்ட்டுன்னும் சேத்துச் சொல்லுங்க. நட்சத்திரம் கேட்டா என்னுதையே சொல்லிடுங்க.

துளசிராமன்