இஞ்சினுக்குக் கூரை

அப்பா,

சோறு பானையில் இருக்கிறது. பாரைமீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். உப்புக் குறைவோ தெரியவில்லை, இரண்டு தரம் ருசி பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. நான் வகுப்பு முடிந்து வரும்போது நீங்கள் கடலுக்குப் போயிருப்பீர்கள். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமியிடம் கொடுத்துவிடுங்கள்.

மேசையில் நாங்கள் செய்யும் சின்ன யாழ்தேவி ரயில் இஞ்சினை ஒருக்கால் பாருங்கள். வள்ளத்துக்குப் பூசுவதுபோல நீங்கள் அதன் அடிப்பக்கம் முழுவதும் பைபர் பூசி அடைத்ததில் சில்லுகள் சுழலாமல் இறுகிப்போயின. "இது வள்ளமில்லை அப்பா, தண்ணியிலை விடப்போறேல்லை" என்று கத்திவிட்டேன். "ஓமடா, எனக்கு வள்ளம்தான் தெரியும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதைத் தொடவில்லை.

முன்பெல்லாம் வகுப்பால் வந்ததும் முதலில் மேசைக்குத்தான் போவேன். ஏதாவது ஒரு மூலை நீங்கள் புதிதாகத் தேய்த்ததில் மினுங்கும். வெறும் வீட்டிலும் ஆள் இருப்பதுபோல இருக்கும்.

நேற்று அளந்து கோடு போட்டு, சில்லு இருக்கும் இடத்தில் மட்டும் பைபரை வெட்டினேன். மோட்டரும் பூட்டியாயிற்று. ஓடுகிறது. மிச்சப் பைபர் பிடித்திருப்பதால் உடம்பு கொஞ்சமும் அதிரவில்லை.

கூரையை ஒட்டாமல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

எமில்

மறந்துவிட்டேன்: அம்மா மன்னாரில் அக்கா வீட்டிலிருந்து போன் எடுத்தார். "ரெண்டு பேரும் கதைக்கிறியளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கூரைக்கு நீங்கள்தான் பைபர் பூசி ஒட்ட வேண்டும். நான் ஒட்டினால் ஒழுகும்.