ஐந்தாம் எண்ணில் வந்த வயலின்

மாஸ்டர்,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உங்கள் மருமகள் வீட்டுக்கு வந்தாள். சாந்தோம் பக்கம் ஏதோ வேலையாம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். "மாமா பீரோல இருந்தது ஆன்ட்டி. மேல உங்க பேர் எழுதியிருக்கு" என்று கொடுத்துவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள். உள்ளே ஸ்வரம் எழுதிய ஒரே ஒரு நோட்டேஷன் தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. முகத்தருகே கொண்டுபோனேன். ரோசின் வாசனை! வில்லில் நீங்கள் தேய்ப்பீர்களே, அந்தக் கட்டியின் வாசனை. உங்கள் சட்டையில், நம் வேனின் பின் சீட்டில், நீங்கள் எனக்கு நீட்டும் வெற்றிலைப் பாக்கில்கூட அதுதான் அடிக்கும். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு வராத அழுகை செவ்வாய்க்கிழமை வந்தது.

அது எந்தப் பாட்டின் தாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் பாடியிருக்கிறேனே. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சனி ஞாயிறு தி.நகர் கல்யாண மண்டபங்களில் பாடகி. வலது பக்க நாற்காலியில் எப்போதும் நீங்கள். மாப்பிள்ளை வீட்டார் சீட்டு அனுப்பிக் கேட்கும் பாட்டுகளில் முதல் சீட்டு இந்தப் பாட்டுக்குத்தான் வரும். கறுப்பு வெள்ளைப் படம், கதாநாயகி ஜன்னலோரம் நிற்பாள், சரணத்தின் கடைசிச் சொல்லைப் பாடகி அம்மா அப்படியே இழுப்பார். இழுத்துக்கொண்டே இருக்கும்போது எங்கிருந்தோ வயலின் வந்து அந்தக் குரலைக் கையில் வாங்கிக்கொள்ளும். குரல் எங்கே முடிந்தது, வயலின் எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட அந்த இடத்தில் கையை இலையில் வைத்தபடி நிமிர்வார்கள்.

அது எப்படிப் பிறந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. இசையமைப்பாளர் அடையாறு ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம், ஒரு குயில் கூவ, அது முடிக்கும் முன்னே இன்னொரு குயில் எடுத்ததாம், உடனே காரை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் பறந்தாராம். நம் ஆர்கெஸ்ட்ரா லீடர் ஒவ்வொரு மேடையிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பார். நீங்கள் தலையைக் குனிந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருப்பீர்கள். சிரிப்பை அடக்கத்தான் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

பழைய பாட்டுகளின் பிறப்பு ரகசியம் எல்லாம் உங்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஊருக்கே தெரிந்த ஒரு பல்லவியின் முதல் வரி, மெட்டு நினைவில் நிற்பதற்காக ஆர்மோனியக்காரர் சும்மா போட்டு வைத்த வார்த்தை என்பீர்கள். "கவிஞர் மாத்தி எழுதிண்டு வந்தார். ஆனா எல்லார் வாயிலயும் பழசுதான் வந்தது. சரி, அதுவே இருக்கட்டும்னுட்டார்." குதிரை வண்டிப் பாட்டின் குளம்புச் சத்தத்துக்குக் கொட்டாங்கச்சி தேடி ஆபீஸ் பையனோடு நீங்களே வடபழனித் தெருத்தெருவாக அலைந்ததைச் சொல்வீர்கள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். இந்தப் பாட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டீர்கள்.

திறந்தது மேற்கு மாம்பலத்தில், ஒரு மழை நாளில். முட்டளவு தண்ணீரில் வேன் நின்றுவிட்டது. லீடர் தள்ள ஆள் தேடிப் போயிருந்தார். "மாஸ்டர், அந்தக் குயிலை நீங்க பாத்தீங்களா?" என்று நான் சும்மா சீண்டினேன்.

"குயிலாவது மயிலாவது. நான்தான்டி அந்தக் குயில்" என்றீர்கள்.

அந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணியபோது உங்களுக்கு இருபத்திரண்டு வயது. தனியாக வாசிக்க வேண்டிய பெரியவருக்குக் காய்ச்சல், வில் உங்கள் கைக்கு வந்தது. ஒரே மைக், எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், ஒருவர் தப்பினாலும் முதலிலிருந்து. காலையிலிருந்து பதினான்கு டேக் போய்விட்டது. தாளில் எழுதியிருந்தது இதுதான்: பாடகி கடைசிச் சொல்லை எட்டு எண்ணிக்கை இழுப்பார், பிறகு இரண்டு எண்ணிக்கை நிசப்தம், அதற்கப்புறம் வயலின். "எண்ணிண்டுதான் இருந்தேன். அவ அந்த ஸ்வரத்தைப் பிடிச்சா பாரு, எண்ணிக்கை எல்லாம் எங்கேயோ போயிடுத்து. வாயைப் பொளந்துண்டு கேட்டுண்டே இருந்துட்டேன். திடீர்னு முழிச்சுண்டேன். ஐயையோ, லேட்டாயிடுத்தேன்னு வில்லைப் போட்டுட்டேன். அஞ்சுதான் ஆயிருந்தது!"

மற்றவர்கள் உங்களைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்து முடித்தார்கள். இசையமைப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "யார்ரா அது?" என்றாராம். பாடகிக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்திருந்தது, இன்னொரு டேக் முடியாது. அதுவே ரெக்கார்டில் போனது. மூன்று மாதம் உங்களை யாரும் கூப்பிடவில்லை. பாட்டு ஊரெல்லாம் ஓடியதும் ஆள் அனுப்பினார்கள். எல்லோர் முன்னாலும் இசையமைப்பாளர், "இந்தப் பையன் இன்னிக்கு எங்க தப்பு பண்றான்னு கவனிங்கய்யா, அது ஹிட்டாகும்" என்றாராம்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குயில் கதையை எப்படிச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கத்தினேன். நீங்கள் அமைதியாகச் சொன்னீர்கள்: "பாட்டு அவரோடது ஸ்டெல்லா. தப்பு மட்டும்தான் என்னோடது. அதையும் அவர் நல்ல பேர் வெச்சு வளத்துட்டார். போறாதா?" இப்படி ஒரு மனசு எப்படி வாய்க்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எனக்கானால் மயிலாப்பூர் தேர் போகிற நாளில் நடுத்தெருவில் நின்று கத்தியிருப்பேன்.

அன்றைக்கே ஒன்று கேட்டீர்கள். "ஒரே ஒரு தடவை தாள்ல இருக்கறபடி வாசிக்கணும். நீ எட்டும் பாடு. நான் காத்துண்டிருக்கேன்."

"ஜனங்க செருப்பைக் கழட்டுவாங்க மாஸ்டர்" என்றேன். அப்புறம் எத்தனை தடவை கேட்டீர்களோ, அத்தனை தடவையும் ஏதாவது ஒரு சாக்கு. லீடர் ஒத்துக்கமாட்டார், இன்றைக்குக் கூட்டம் சரியில்லை, மைக் சரியில்லை. உண்மை இதுதான்: எனக்கு எட்டு வராது. ஐந்தில் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில் ஆறுக்குள் நைசாக விட்டுவிடுவேன். மிச்சத்தை உங்கள் வயலின் எனக்காகப் பாடும். "என்னா மூச்சும்மா உங்களுக்கு!" என்று பாராட்டுபவர்களுக்குப் பல்லைக் காட்டிக் கும்பிடு போடுவேன். பக்கத்தில் நீங்களும் தலையாட்டுவீர்கள். தெரிந்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியாக உங்களைப் பார்த்தது உங்கள் கச்சேரி ரோடு வீட்டில், கட்டிலில். கை எலும்பாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ அந்த ஸ்வரத்தை எப்படி முடிச்சான்னு உலகத்துல யாருக்கும் தெரியாது ஸ்டெல்லா. நான் மேல வாசிச்சு மூடிட்டேன். உன்னோடதையாவது கேக்கணும்னு பாத்தேன்" என்றீர்கள். தப்பைத் திருத்த ஆசைப்படுகிறீர்கள் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். முட்டாள் நான். அப்போதும், "பாக்கலாம் மாஸ்டர், முதல்ல எழுந்து வாங்க" என்று பேச்சை மாற்றிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேரே லீடரிடம் போய், மாம்பலம் கச்சேரியில் இதில் உள்ளபடியே பாட வேண்டும் என்றேன். எழுபத்தைந்து வயதிலும் மனுஷனுக்கு ரெக்கார்டுதான் வேதம். "இன்னா ஸ்டெல்லா, பைத்தியம் புட்ச்சிக்கிச்சா? மாம்பலம் ஆளுங்க ஒரு சங்கதி மாறுனாலே கணக்குக் கேப்பாங்க" என்றார். தாளைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். விரலால் எண்ணி எண்ணிப் பார்த்தார். பிறகு தாளை மடித்தபடி, "நாம்பாட்டுக்கும் குயிலு குயிலுன்னு சொல்லிக்கினு இருந்தேனே. பக்கத்துலயே குந்திக்கினு கேட்டாரே மனுசன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேற்று சாயங்காலம், மேற்கு மாம்பலத்தில் பழைய பாட்டு ரசிகர்கள் மாதம் ஒருமுறை கூடும் அந்த மாடி ஹாலில் பாடினோம். நாற்பது பேர் இருப்பார்கள். வயலின் பகுதியை லீடர் கீபோர்டில் வாசிப்பதாக ஏற்பாடு. என் வலது பக்கம் நாற்காலி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுபத்தெட்டு வயதுத் தொண்டை. பல்லவி தேறிவிட்டது, சரணமும் தேறிவிட்டது. கடைசிச் சொல்லைப் பிடித்தேன்.

முடிந்ததும் முதல் வரிசை வேட்டிக்காரர் நேரே வந்தார். "ஏம்மா, ரெக்கார்டுல இப்படி இல்லையே? அந்த இடமே பாழாப் போச்சே" என்றார். வாஸ்தவம்தான். தாளில் இருப்பதைவிட உங்கள் தப்பு ஆயிரம் மடங்கு அழகு, இதில் சந்தேகமே இல்லை. தாளில் உள்ளபடி வந்திருந்தால் இந்தப் பாட்டு இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லையே. என்னுடையது எப்படி முடிகிறது என்றுதானே கேட்டீர்கள். சொல்லத்தான் எழுதுகிறேன். எட்டு வரவில்லை, மாஸ்டர். ஆறில் உடைந்தது. எல்லோருக்கும் கேட்டது, எனக்கு வெட்கமாகவே இல்லை. கீபோர்டு எடுக்க இன்னும் நாலு எண்ணிக்கை இருந்தது. அந்த நாலைத்தான் நேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு அலைகிறேன். கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒன்றிலும் நீங்கள் வரவில்லை.

ஸ்டெல்லா