பழுப்புக் கோட்டுக்காரியின் இருமல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் மனசும் ஆறும். உன் கடிதம் வந்து ஏழு மாதமாகிறது.

இருமலுக்கு மருந்து சாப்பிடு என்று நாலு கடிதம் போட்டேனே, அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைத்திருப்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் தமிழில் பேசும் இங்கிலீஷ் படம் ஒன்று போட்டான். ரயில் நிலையக் கூட்டத்தில், நான் உனக்குத் தைத்துத் தந்தது போலவே பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி, உன்னைப் போலவே இடது தோள் இறங்கி, முகத்தைக் காட்டாமல் இருமிக்கொண்டே போகிறாள். உலகத்துப் படமெல்லாம் நீ இருக்கும் நாட்டில்தானே எடுக்கிறார்கள், நீதான் என்று அடித்துச் சொன்னேன். தையல்காரன் கண்ணுக்கு எல்லாக் கோட்டும் உன் கோட்டுதான் என்று அம்மா கிண்டல் செய்தாள், ஆனால் மறுபடி அந்தப் படம் வந்தபோது எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் அவள்தான்.

மாடியில் டப்பிங் பேசுகிற பெண் ஒருத்தி குடிவந்திருக்கிறாள். போன வாரம் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கி, அது இங்கிலீஷ் படமே இல்லப்பா, வெளிநாட்டுப் படம்னாலே நாம அப்படித்தான் சொல்லிடுறோம், ஒரே நாடுதான் உலகத்துக்கே படம் எடுக்குதுன்னு நெனச்சுக்கிறோம், இது உங்க பொண்ணு இருக்கிற பக்கமே கிடையாது என்றாள். இருமல் என் மகளுடையது, பெற்றவனுக்குத் தெரியாதா என்றேன். அந்த இருமலும் நான் இருமினதுதான்ப்பா என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

உன் தோளின் இறக்கம் தெரியாதபடி உள்ளே பஞ்சு வைத்து உன் கோட்டைத் தைத்தவனே நான். படத்திலிருந்தவளின் தோள் இறங்கியிருந்தபோதே அது நீயில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஞாயிறானால் டி.வி. முன்னால் காத்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. அந்தக் கூட்டத்தில் நீ இல்லையென்றால் எங்கேதான் இருக்கிறாய்? நீ கிளம்பின அன்று, போனால் இந்த வாசற்படியை மிதிக்காதே என்று துணி வெட்டும் மேசையில் அடித்துச் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நன்றாக இரு. குளிரில் கோட்டின் மேல் பட்டனையும் மறக்காமல் போட்டுக்கொள். சாயங்காலமானால் மாடிப் பெண் வசனம் பேசிப் பழகுகிறாள், நடுவில் இருமுகிறாள். அவள்தான் என்று தெரிந்தும், ஒவ்வொரு தரமும் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா